கண்ணுக்குச் சத்திரசிகிச்சை, வழி வாய்க்குள்ளால்

கண்ணைச் சுற்றிக் கறுத்து வீங்கிய முகத்தோடு ஒரு பெண் வந்தால் நாம் எல்லோரும் முதலில் கேட்பது "என்ன நடந்தது?" என்பதைத்தான். அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் உடனே வருவது அரிது. கதவு நிலையில் அடிபட்டது, கிணற்றடியில் வழுக்கி விழுந்தது, மாடு தலையை ஆட்டக் கொம்பு பட்டது என்று பல பதில்கள் வரும். இவற்றிற் சில உண்மையாகவும் இருக்கும். பதில் எதுவாக இருந்தாலும் இரண்டாவதாகக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அதற்கு எவரும் பொய் சொல்லத் தேவையில்லை. "தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் உயர்த்திக் கூரையைப் பாருங்கள். ஒன்றாகத் தெரிகிறதா, இரண்டாகத் தெரிகிறதா?"

இரண்டாகத் தெரிகிறது என்றால் கண் குடியிருக்கும் எலும்புக்குழி உடைந்திருக்கக்கூடும். வெறும் வீக்கத்தாலும் சில நாட்களுக்கு அப்படித் தெரியலாம். இரண்டில் எது என்பதை வீட்டிலிருந்து தீர்மானிக்க முடியாது. வைத்தியசாலைக்குப் போகவேண்டும், அதுவும் அன்றைக்கே போகவேண்டும். ஏன் அன்றைக்கே என்பதையும், போனபின் என்ன செய்வார்கள் என்பதையும் எமது சகோதரிகளுக்கு விளக்கமாகச் சொல்வதற்காகவே இக்கட்டுரை எழுதப்படுகின்றது. நான் வைத்தியர் அல்ல. கிளினிக் வாசல்களில் பெண்களோடு காத்திருப்பவள். வைத்தியர்கள் அவசரத்தில் இரண்டு வசனத்தில் சொல்லிவிட்டுப் போவதை ஆறுதலாக இருந்து விளங்கப்படுத்துவது எங்கள் வேலையின் பெரும்பகுதி.

மெல்லிய தளமும் கீழே ஒரு வெற்றறையும்

எமது கண் ஏழு எலும்புகள் சேர்ந்து உண்டாக்கிய ஒரு குழிக்குள் இருக்கின்றது. குழியின் முன்விளிம்பு தடித்தது. புருவத்துக்குக் கீழும் கன்னத்துக்கு மேலும் விரலால் அழுத்திப் பார்த்தால் அந்த உறுதி தெரியும். ஆனால் உள்ளே போகப்போக எலும்பு மெலிந்துவிடும். மூக்குப் பக்கச் சுவர் கடதாசி போன்றது. கண்ணுக்குக் கீழேயுள்ள தளம் பல இடங்களில் அரை மில்லிமீற்றர் அளவே தடிப்பானது. முட்டைக்கோதைவிடச் சற்றுத்தான் கூடுதல்.

இந்தத் தளத்துக்குக் கீழே, கன்ன எலும்புக்குள், காற்று நிறைந்த ஓர் அறை இருக்கின்றது. பீனிசம் வந்தவர்களுக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும். கன்னம் பாரித்து, குனிந்தால் வலித்து, சளி கட்டும் இடம் அது. வைத்தியர்கள் அதனை மக்சிலரி சைனஸ் என்பார்கள். நாம் இங்கே கன்னக் காற்றறை என்று சொல்வோம். அதன் கூரைதான் கண்குழியின் தளம். அதன் அடிப்பாகத்துக்கு மிக அருகே மேல்வாய்க் கடைவாய்ப் பற்களின் வேர்கள் இருக்கின்றன. கண், கன்னம், பல் மூன்றும் ஒரே வீட்டின் மேல்மாடி, கீழ்மாடி, அத்திவாரம் போல ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரப்போகும் சத்திரசிகிச்சை விளங்கும்.

வளர்ந்தவர்களின் கண்குழி ஏறத்தாழ 30 மில்லிலீற்றர் கொள்ளும். கண்மணி உருண்டை அதில் ஏழு மில்லிலீற்றர் அளவுதான். மிகுதி இடத்தைக் கொழுப்பும், கண்ணை அசைக்கும் தசைகளும், நரம்பும், இரத்தக் குழாய்களும் நிரப்புகின்றன. கொழுப்பு வெறும் நிரப்பியல்ல, கண்ணுக்கு மெத்தை அதுதான்.

அடி எங்கே போகிறது

முஷ்டியோ, முழங்கையோ, கிறிக்கெட் பந்தோ கண்ணில் வேகமாகப் படும்போது கண் பின்னுக்குத் தள்ளப்படுகின்றது. குழிக்குள் அமுக்கம் சடுதியாக உயர்கின்றது. அந்த அமுக்கம் மிகவும் பலவீனமான இடத்தால் வழி தேடும். கண்குழியின் விளிம்பு தாங்கிக்கொள்ள, உள்ளேயிருக்கும் தளம் உடைந்து கீழுள்ள காற்றறைக்குள் விழும். விளிம்பெலும்பில் விழும் அடி தளத்தை வளைத்து முறிக்கும் என்ற விளக்கமும் உண்டு. இரண்டு விதமாகவும் நடக்கிறது என்பதே இன்றைய வைத்தியர்களின் கருத்து.

1957இல் ஸ்மித், ரீகன் என்ற இரு அமெரிக்க வைத்தியர்கள் இதனைச் சோதித்துப் பார்த்தார்கள். இறந்த ஒருவரின் மூடிய கண்மேல் அயர்லாந்துக்காரர் விளையாடும் ஹேர்லிங் பந்தை வைத்து, அதன்மேல் சுத்தியலால் அடித்தார்கள். விளிம்பு முறியவில்லை, தளம் உடைந்தது. கேட்க ஒரு மாதிரி இருந்தாலும், வெளியே பெரிய காயம் இல்லாமலே உள்ளே எலும்பு உடையலாம் என்பதை அந்தப் பரிசோதனைதான் தெளிவாகக் காட்டியது.

தளம் உடைவதால் பல வேளைகளில் கண்மணி சிதையாமல் தப்பிக்கொள்கிறது. உடைந்த எலும்பு அடியை வாங்கிக்கொள்கிறது என்று ஒரு வைத்தியர் சொன்னார். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. கொழுப்பும், கண்ணைக் கீழ்ப்புறமாகத் தாங்கி அசைக்கும் தசையும் அந்த ஓட்டையால் கீழே தொங்கும். உடைந்த எலும்பு விளிம்பில் தசை சிக்கினால் கண் மேலே உயராது. அதனால்தான் கூரையைப் பார்க்கும்போது இரண்டு தெரிகிறது. நாட்கள் செல்ல, வீக்கம் வற்ற, கண் உள்ளே தாழ்ந்து மற்றதைவிடச் சிறியதுபோலத் தோன்றும். வீக்கம் இருக்கும்போது இது தெரியாது. "வீக்கம் வத்தினாப் பிறகுதான் மிஸ் கண் உள்ளுக்குப் போனது" என்று சொல்பவர்களை நான் பலதடவை கண்டிருக்கிறேன். கண் அன்றைக்கே தாழ்ந்துவிட்டது, வீக்கம் அதனை மறைத்து வைத்திருந்தது.

இன்னோர் அறிகுறியைப் பெண்கள் தாங்களாகச் சொல்வதில்லை, கேட்டால்தான் சொல்வார்கள். அது விறைப்பு. கண்குழித் தளத்துக்குள்ளால் ஒரு நரம்பு ஓடிவந்து கன்னத்துக்கும், மூக்கின் பக்கத்துக்கும், மேலுதட்டுக்கும், மேற்பற்களுக்கும் உணர்ச்சி கொடுக்கின்றது. தளம் உடையும்போது அதுவும் அடிபடுகிறது. பல்லுக் கொதிக்கு ஊசி போட்டதுபோல உதடும் பல்லும் மரத்துக் கிடக்கும். அடிபட்டது கண்ணில், விறைத்தது பல்லில் என்பதால் பலர் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில்லை. மூக்கால் இரத்தம் வடிவதும், மூக்குச் சீறியவுடன் கண்மடல் திடீரென்று ஊதிப் பொருமுவதும்கூட இதன் அடையாளங்களே. காற்றறையின் காற்று உடைந்த தளத்தினூடாகக் கண்ணுக்குள் ஏறுகிறது. ஆகவே கண்ணில் அடிபட்ட எவரும் மூக்கைச் சீறக்கூடாது.

மணித்தியாலங்களைப் பார்க்கவேண்டிய சில நிலைகள்

கண்ணில் அடிபட்டபின் பார்வை மங்கினால், கண் வெளியே பிதுங்கிக் கடுமையாக வலித்தால், கண்மணியில் வெட்டு இருந்தால், கறுப்பு வட்டம் உருக்குலைந்து தெரிந்தால் அது எலும்புப் பிரச்சினை மட்டுமல்ல. கண்ணுக்குப் பின்னே இரத்தம் தேங்கி நரம்பை நெரிக்கலாம், கண்மணியே கிழிந்திருக்கலாம். இரண்டிலும் தாமதம் பார்வையைப் பறிக்கும். எலும்பை வைத்தியர்கள் பின்னர் பார்ப்பார்கள், முதலில் கண். அப்படியான கண்ணை அழுத்தக்கூடாது, தேய்க்கக்கூடாது. தாய்ப்பால், நல்லெண்ணெய், இலைச்சாறு எதுவும் விடக்கூடாது. கண்ணில் முட்டாதபடி ஒரு கடதாசிக் குவளையின் அடிப்பாகத்தால் மூடிக்கொண்டு புறப்படுங்கள். இலவச அம்புலன்ஸ் சேவையின் இலக்கம் 1990.

பிள்ளைகள் விடயத்தில் இன்னொரு பொறி இருக்கின்றது. சிறுவர்களின் எலும்பு பச்சைத்தடி போன்றது. முறியாமல் வளைந்து, திறந்து, மறுபடி மூடிக்கொள்ளும். அந்த இடுக்கில் தசை அகப்பட்டால் இரத்தவோட்டம் தடைப்படும். வெளியே பார்த்தால் கண் வெள்ளையாக, வீக்கமில்லாமல், ஒன்றும் நடக்காததுபோல இருக்கும். ஆனால் பிள்ளை கண்ணைத் திறக்க மறுக்கும், மேலே பார்த்தால் ஓங்காளித்துச் சத்தி எடுக்கும், சோர்ந்து படுக்கும், நாடித்துடிப்பும் குறையலாம். தலையில் அடிபட்டதால் சத்தி வருகிறது என்று நினைத்துக் கண்ணை விட்டுவிடுவது இங்கேதான் நடக்கிறது. இப்படிச் சிக்கிய தசையை ஒன்றிரண்டு நாட்களுக்குள் விடுவிக்காவிட்டால் அது நிரந்தரமாகப் பழுதடையலாம். விளையாடும்போது முகத்தில் அடிபட்ட பிள்ளை சத்தி எடுத்தால், "கண்ணை மேலே உயர்த்த முடியுதா என்றும் பாருங்கோ டொக்டர்" என்று தாயே சொல்லலாம்.

வளர்ந்தவர்களுக்கு இவ்வளவு அவசரம் பெரும்பாலும் இல்லை. சி.ரி. ஸ்கான் எடுத்து எவ்வளவு உடைந்திருக்கிறது, என்ன தொங்குகிறது என்று பார்ப்பார்கள். எல்லா உடைவுக்கும் கத்தி தேவைப்படுவதில்லை. சிறிய வெடிப்பு, அசைவுக்குத் தடையில்லை, கண் தாழவில்லை என்றால் வீக்கம் வற்றும்வரை பொறுத்திருந்து பார்ப்பார்கள். பலருக்கு இரட்டைப் பார்வை தானாகவே மறைந்துவிடும். தசை சிக்கியிருந்தால், தளத்தின் பாதிக்கு மேல் உடைந்திருந்தால், கண் இரண்டு மில்லிமீற்றருக்கு மேல் உள்வாங்கியிருந்தால் சத்திரசிகிச்சைக்குச் சொல்வார்கள். வழமையாக இரண்டு கிழமைக்குள் செய்வது நல்லது. அதற்குப்பின் தழும்பு பிடித்து, தொங்கிய கொழுப்பு காற்றறையின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும்.

எமது பெண்கள் இழப்பது இந்த இரண்டு கிழமையைத்தான். கறுப்பு மாறும்வரை வெளியே தலைகாட்டக் கூடாது என்று வீட்டுக்குள் இருப்பார்கள். கறுப்பு மாற இரண்டு கிழமை ஆகும்.

"கண்ணுக்கெண்டு சொல்லி வாயை வெட்டுகினமாம்"

சில வருடங்களுக்கு முன், மூன்று பிள்ளைகளின் தாயான ஒருவர் சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் விடுதியைவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். போய்க் கேட்டபோது கோபத்தோடு சொன்னார்: "கண்ணுக்கு ஒபரேசன் எண்டுதான் மிஸ் சொன்னவை. இப்ப வாயை வெட்டுகினமாம். ஆளை மாறிப் பிடிச்சிட்டினமோ எண்டு பயந்திட்டன்." படிவம் அவருக்கு விளங்கும் மொழியில் இருக்கவில்லை, விளங்கப்படுத்த ஒருவரும் நேரம் எடுக்கவுமில்லை. அவர் பயந்ததில் என்ன பிழை? ஒரு தாளில் மேல்மாடியும் கீழ்மாடியும் உள்ள ஒரு வீட்டைக் கீறிக் காட்டினேன். மேல்மாடித் தளம் உடைந்து, மெத்தை கீழே தொங்குகிறது. மேலே நின்று இழுத்து எடுக்கலாம். கீழ்மாடிக்குப் போய், அண்ணாந்து பார்த்து, கீழிருந்து தள்ளியும் ஏற்றலாம். கீழ்மாடிக்கு வாசல் மேலுதட்டுக்குப் பின்னால் இருக்கிறது. அவர் அடுத்த நாளே திரும்பிப் போனார்.

அந்த வாசல் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. 1893இல் நியூயோர்க்கில் கால்ட்வெல் என்பவரும், 1897இல் பாரிஸில் லுக் என்பவரும் தனித்தனியே எழுதி வைத்த வழி அது. அவர்கள் அதைத் திறந்தது காற்றறையிலிருந்த சீழை வெளியேற்ற. பீனிசத்துக்கு வெட்டிய வாசலைப் பின்வந்தவர்கள் கண்ணுக்குப் பயன்படுத்தினார்கள்.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முழு மயக்கம் கொடுப்பார்கள். முதலில் மெல்லிய சாமணத்தால் கண்ணைப் பிடித்து மெதுவாக மேலும் கீழும் அசைத்துப் பார்ப்பார்கள். அசைய மறுத்தால் தசை சிக்கியிருப்பது உறுதி. பின்னர் மேலுதட்டை உயர்த்தி, வேட்டைப்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் மேலே, முரசும் உதடும் சந்திக்கும் மடிப்பில் மூன்று நான்கு சென்ரிமீற்றர் அளவுக்குக் கீறுவார்கள். எலும்பிலிருந்து சதையை விலக்கி, நான் முன்னே சொன்ன நரம்பைக் கவனமாகக் காத்து, காற்றறையின் முன்சுவரில் ஒரு சிறு யன்னல் திறப்பார்கள். உள்ளே தேங்கிய இரத்தத்தை உறிஞ்சி எடுத்தபின், மெல்லிய குழாய்க் கமராவை நுழைத்தால் கூரை தெரியும். உடைவு, தொங்கும் கொழுப்பு, எலும்புத் துண்டுகள் எல்லாமே திரையில் பெரிதாகத் தெரியும்.

பிறகு தளர்ந்த எலும்புச் சில்லுகளை அகற்றி, சிக்கியதை விடுவித்து, தொங்குவதை மெதுவாக மேலேற்றி, ஓட்டைக்கு ஒரு தாங்கு கொடுப்பார்கள். கதவுபோல ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும் எலும்பென்றால் அதையே திருப்பிப் பொருத்தினாலும் போதுமாக இருக்கும். பெரிய ஓட்டையென்றால் நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்தோ, மூக்கின் நடுக் குருத்தெலும்பிலிருந்தோ, யன்னலுக்காக வெட்டிய அதே எலும்பிலிருந்தோ ஒரு துண்டு வைப்பார்கள். அல்லது தைத்தேனியம் வலைத்தகடு, துளைகள் கொண்ட பிளாஸ்திக் தகடு என்பவற்றை வைப்பார்கள். முடிக்குமுன் சாமணத்தால் கண்ணை மறுபடி அசைத்துப் பார்ப்பார்கள். இப்போது அது தாராளமாக அசையவேண்டும். வாய்க்குள் தானாகக் கரையும் நூலால் தையல் போடுவார்கள். முகத்தில் வெளியே ஒரு கீறலும் இருக்காது.

கமரா வருவதற்கு முன் இதே வழி வேறுவிதமாகக் கையாளப்பட்டது. மருந்தூட்டிய நாடாத்துணியைக் காற்றறைக்குள் திணித்துத் தளத்தைக் கீழிருந்து முட்டுக் கொடுத்தார்கள். சிலர் சிறுநீர்க் குழாயின் நுனியில் இருக்கும் பலூனை உள்ளே வைத்து ஊதித் தாங்கினார்கள். ஒன்றிரண்டு கிழமைகளின் பின் அதனை வெளியே எடுப்பார்கள். கண்ணால் காணாமல் கீழிருந்து தள்ளும்போது கூரான எலும்புச் சில்லு மேலே ஏறிக் கண் நரம்பைத் தாக்கும் ஆபத்து இருந்தது. அதிகமாகத் திணித்ததால் பார்வை போன சம்பவங்களும் வைத்திய ஏடுகளில் பதிவாகியுள்ளன. அதனாலேயே இந்த வழி இடையில் மதிப்பிழந்தது. கமரா வந்தபின் அது மறுபடி பேசப்படுகிறது.

இன்றும் பெரும்பாலான சத்திரசிகிச்சை நிபுணர்கள் கீழ்க்கண்மடலின் உட்புறத்தாலோ, இமைமயிருக்குக் கீழே சிறிதாகக் கீறியோ மேலிருந்துதான் தளத்தை அடைகிறார்கள். தகடு வைப்பதற்கு அது வசதியானது. ஆனால் குழியின் பின்பக்க விளிம்பு மேலிருந்து பார்க்கும்போது கண்ணுக்குப் பின்னே மறைந்துவிடும். கீழிருந்து அது நேரே தெரியும். கண்மடல் கீழ்நோக்கி இழுபட்டுக் கண் மூட முடியாமற் போகும் பின்விளைவும் கீழ்வழியில் இல்லை. மறுபுறம், நரம்புக்கு வெளிப்பக்கமாக இருக்கும் உடைவுக்கும், விளிம்பும் சேர்ந்து நொறுங்கிய உடைவுக்கும் கீழ்வழி மட்டும் போதாது. சிலருக்குச் சில மாதங்கள் மேற்பற்களில் விறைப்பு நீடிக்கும், பீனிசமும் தலைகாட்டலாம். சிலவேளை இரண்டு வழியையும் சேர்த்தே பயன்படுத்துவார்கள். எந்த வழி என்பதை வைத்தியர் தீர்மானிப்பார். ஏன் அந்த வழி என்று கேட்பது உங்கள் உரிமை. 18 வயது நிரம்பி, சுயநினைவோடு இருக்கும் பெண் தனது சத்திரசிகிச்சைக்குத் தானே ஒப்பமிடலாம். கணவனின் கையெழுத்துக்காக நாட்களைக் கடத்தத் தேவையில்லை. படிவம் விளங்காவிட்டால் தமிழில் விளங்கப்படுத்துமாறு கேட்டபின் ஒப்பமிடுங்கள்.

அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். பொதுவாகப் போதனா வைத்தியசாலைகளில் வாய், முக, தாடைச் சத்திரசிகிச்சை நிபுணரும் கண் வைத்திய நிபுணரும் சேர்ந்தே இதனைப் பார்ப்பார்கள். தகடு கையிருப்பில் இல்லாமற் போகலாம். 2022இன் பொருளாதார நெருக்கடியின்போது மருந்துகளும் சத்திரசிகிச்சைப் பொருட்களும் எவ்வளவு தட்டுப்பட்டன என்பது எல்லோருக்கும் தெரியும். வெளியே வாங்கித் தரச் சொன்னால் மனமுடைந்து திரும்பிவிடாமல், சொந்த எலும்பு வைக்கலாமா என்று கேளுங்கள். பிரதேச செயலகத்தின் சமூகசேவை அலுவலரிடம் வைத்தியக் கடிதத்துடன் போய் உதவியும் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்தபின்

முதலாவது இரவில் தாதியர் திரும்பத் திரும்ப எழுப்பி, விளக்கடித்து, "எத்தனை விரல்?" என்று கேட்பார்கள். சலிக்கவேண்டாம். உள்ளே இரத்தம் கசிந்து பார்வை நரம்பு நெரிபடுகிறதா என்று பார்ப்பதற்கு அதுவே வழி. வீட்டிலும் திடீர் வலியோ மங்கலோ வந்தால் கிளினிக் நாள்வரை காத்திருக்கக்கூடாது.

தலையணையை உயர்த்திப் படுக்கவேண்டும். உப்புத்தண்ணீரால் வாய் கொப்பளிக்கவேண்டும். கஞ்சி, புட்டை நனைத்துப் பிசைந்தது, இடியப்பம் போன்ற மெதுவான சாப்பாடு போதும். மூக்கைச் சில கிழமைகளுக்குச் சீறவே கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மவேண்டும். குனிந்து பாரம் தூக்கக்கூடாது என்று வைத்தியர் சொல்வார். இதுதான் எமது பெண்களுக்கு எல்லாவற்றிலும் கடினமானது. தண்ணீர் யார் அள்ளுவது, விறகு யார் கொத்துவது, மாட்டை யார் அவிழ்த்துக் கட்டுவது? கணவனை இழந்து அல்லது தேடிக்கொண்டு தனியாகக் குடும்பத்தைக் கொண்டுநடத்தும் பெண் சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போடுவதற்குப் பயத்தைவிட இதுவே பெரிய காரணம். திகதி கிடைத்தவுடனேயே மாதர் சங்கத்திலோ, அயலிலோ, சகோதரியிடமோ மூன்று கிழமைக்கு ஆள் ஒழுங்கு செய்துகொள்வது மருந்தைப் போலவே முக்கியம்.

இரட்டைப் பார்வை உடனே போகாது. வாரங்கள் எடுக்கும். அதுவரை ஒரு கண்ணை மூடிக்கொண்டால் ஒன்றாகத் தெரியும். ஆனால் ஒற்றைக் கண்ணால் ஆழம் மட்டுப்படாது. கிணற்றுக்கட்டு, அடுப்பு, படிக்கட்டு, தையல் ஊசி எல்லாவற்றிலும் கவனம் வேண்டும். சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் வேண்டாம்.

காரணத்தைச் சொல்வது பற்றி

அடித்தது கணவனாக இருந்தால் என்ன செய்வது? இதைப்பற்றி எழுதாமல் இக்கட்டுரையை முடிக்க முடியாது. கதவில் அடிபட்டவரின் காயமும் முஷ்டியால் அடிபட்டவரின் காயமும் வேறு. வைத்தியருக்குக் காரணம் தெரிந்தால் எதைத் தேடவேண்டும் என்பதும் தெரியும். மறைப்பதால் முதலில் நட்டப்படுவது சிகிச்சை.

சட்டத்திலும் இதற்கு இடம் இருக்கின்றது. தண்டனைச் சட்டக்கோவையின் 311ஆம் பிரிவின்படி எலும்பு முறிவும், ஒரு கண்ணின் பார்வை நிரந்தரமாக இழக்கப்படுவதும் பாரதூரமான காயங்கள். கன்னத்தில் கறுத்த காயமும் ஸ்கானில் தெரியும் எலும்பு முறிவும் நீதிமன்றத்தில் ஒன்றாகக் கணிக்கப்படுவதில்லை. ஆகவே சட்டவைத்திய அதிகாரியின் பரிசோதனையும் ஸ்கான் அறிக்கையும் முக்கியமானவை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பாதிக்கப்பட்டவரே கேட்கலாம், அவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் கேட்கலாம். கட்டளை பன்னிரண்டு மாதங்கள்வரை செல்லும். "அவரை மறியலிலை போட்டிடுவினம், பிறகு பிள்ளையளுக்கு ஆர் சோறு போடுறது" என்பதுதான் நான் அதிகம் கேட்கும் அச்சம். அந்தக் கட்டளை தண்டனையல்ல. அடிக்காதே, கிட்ட வராதே என்று நீதிமன்றம் போடும் வேலி அது. அதை மீறினால்தான் அவர் குற்றவாளியாவார். முறைப்பாடு செய்வதா இல்லையா என்பதை நிதானமாக யோசித்துக்கொள்ளலாம். கண்ணை யோசித்துக்கொண்டிருக்க முடியாது, அதற்கு முதலில் போங்கள். பல அரச வைத்தியசாலைகளில் நட்பு நிலையம் என்ற பெயரில் இதற்கான தனியிடம் இருக்கின்றது. பெண்களுக்கான அரச உதவித் தொலைபேசி இலக்கம் 1938.

பழைய காயங்கள்

2009இலும் அதற்கு முன்னரும் ஷெல்லாலும் குண்டுவீச்சாலும் முகத்தில் காயப்பட்டு, அப்போது உயிரைக் காப்பாற்றியதே போதும் என்று விடப்பட்ட பலர் எம்மிடையே இருக்கிறார்கள். இனிமேல் ஒன்றும் செய்ய முடியாது என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். அது முழு உண்மையல்ல. பழைய உடைவைத் திருத்துவது புதியதைவிடக் கடினம், பலனும் குறைவாக இருக்கலாம். ஆனாலும் தாழ்ந்த கண்ணைத் தகடு வைத்து உயர்த்த முடியும். மிஞ்சிய இரட்டைப் பார்வைக்கு விசேட கண்ணாடியோ, கண் தசையில் செய்யும் இன்னொரு சத்திரசிகிச்சையோ உதவலாம். கண்ணையே இழந்தவர்களுக்கும் உடைந்த தளத்தைத் திருத்தினால் செயற்கைக் கண் நன்றாகப் பொருந்தும்.

அவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. உடம்பில், விசேடமாகக் கண்ணுக்கு அருகில், ஷெல் துண்டு இருந்தால் எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு முன் கட்டாயம் சொல்லவேண்டும். அந்த இயந்திரம் பெரிய காந்தம். இரும்புத் துண்டு அசைந்தால் கண்ணைக் கிழித்துவிடும். அப்படிப் பார்வை போன ஒருவரைப் பற்றி 1986இலேயே வைத்திய ஏட்டில் எழுதப்பட்டுள்ளது. சி.ரி. ஸ்கானில் இந்த ஆபத்து இல்லை. கண்குழிக்குள் வைக்கும் தைத்தேனியம் தகடு காந்தத்துக்கு இழுபடாது. ஆனாலும் எந்த ஸ்கானுக்குப் போனாலும் தகடு இருப்பதைச் சொல்லிவிடுங்கள்.

கிளினிக்குக்குப் போகும்போது பழைய துண்டுகள், எக்ஸ்ரே எதுவிருந்தாலும் எடுத்துச் செல்லுங்கள். காயப்படுவதற்கு முந்திய முகப்படம் ஒன்றையும் வைத்தியர் கேட்பார். இரு கண்களும் முன்னர் எந்த மட்டத்தில் இருந்தன என்று பார்க்க அது தேவை. இடப்பெயர்வில் எல்லாப் படங்களும் போய்விட்டன என்று பலர் சொல்வதுண்டு. தேசிய அடையாள அட்டைப் படம் காயத்துக்கு முந்தியதென்றால் அதுவே போதும். அதுவும் இல்லையென்றால் வெளிநாட்டிலுள்ள உறவினரிடம் கேட்டுப் பாருங்கள். யாருடையதாவது கலியாண அல்பத்தின் ஓர் ஓரத்தில் நீங்கள் நிற்பீர்கள்.